நிறுவன வலையமைப்பில் வெப் சர்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுத்தர நிறுவனங்களின் வலையமைப்பைப் பராமரிப்பவர்களும், அலுவலக மேலாளர்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நிரலாளர்களும் மாறி மாறிக் கேட்டுவரும் ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பொதுமக்களுக்கான பெரிய இணையதளங்களின் கதை வேறு. இங்கே அலுவலகச் சுவர்களுக்குள் ஓடும் வெப் சர்வர்களே பேச்சு. அங்கே எந்த மென்பொருள் நிலைத்தது என்பதை வேகம் தீர்மானிக்கவில்லை. உள்ளே வருபவர் யார் என்பதை எப்படிச் சரிபார்ப்பது, பழுதானால் யார் பார்ப்பது என்ற இரண்டு கவலைகளே பெரும்பாலும் தீர்மானித்தன என்பது என் கருத்து. பதில்களில் அந்தச் சாய்வு தெரியும்.

எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் வெப் சர்வர் எதற்கு?

பொது ஃபோல்டரை வழங்கும் சர்வர் கோப்பை அப்படியே கொடுத்துவிடும். அதைத் திறப்பதற்கான மென்பொருள் ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும், இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் குழப்பமும் வரும். வெப் சர்வர் என்பது கோரிக்கையைப் பெற்று விடையை அனுப்பும் நிரல். அந்த விடை வட்டில் கிடக்கும் கோப்பாக இருக்கலாம். அந்த நொடியில் தரவுத்தளத்திலிருந்து திரட்டிய விடுப்புக் கணக்காகவும் இருக்கலாம். பெறுபவரிடம் உலாவி ஒன்று இருந்தால் போதும். ‘இருப்பு_புதியது_இறுதி_2’ என்று பெயரிட்ட கோப்புகள் பெருகிய அலுவலகத்தில் இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையே இருக்காது.

வெப் சர்வர் முதலில் உலகத்துக்காக உருவானதா, அலுவலகத்துக்காகவா?

ஒரு நிறுவனத்தின் உள் தேவையிலிருந்துதான் அது பிறந்தது. ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாளர்கள் வந்து போய்க்கொண்டே இருந்ததால் தகவல்கள் தொலைந்துபோவதைச் சுட்டிக்காட்டி, டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் ஒரு திட்டவரைவை எழுதினார். 1990-இன் இறுதியில் அவருடைய நெக்ஸ்ட் கணினியில் முதல் வெப் சர்வர் ஓடியது. அங்கே பலரை அதன் பக்கம் இழுத்த தொடக்கப் பயன்பாடுகளில் ஒன்று, ஆய்வகத்தின் தொலைபேசிப் பட்டியல். இன்றைக்கும் ஒரு நிறுவனத்தின் இன்ட்ராநெட்டில் (உள் வலைத்தளத்தில்) அதிகம் திறக்கப்படும் பக்கம் பெரும்பாலும் அதுவாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்த மென்பொருளைப் பொதுவுடைமையாக அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர் வெளிவந்தது. வெளி நிரல் ஒன்றை ஓட்டி அதன் வெளியீட்டைப் பக்கமாக அனுப்பும் சிஜிஐ முறையை அது பரப்பியது. கோப்பு தருவதோடு நில்லாமல் கணக்குப் பார்த்தும் விடை சொல்ல வெப் சர்வர் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

இலவசமாகக் கிடைத்தபோது நிறுவனங்கள் ஏன் காசு கொடுத்து வாங்கின?

உலாவியால் பெயர்பெற்ற நெட்ஸ்கேப் நிறுவனம் 1994 டிசம்பரில் இரண்டு சர்வர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரணப் பதிப்பின் விலை 1,495 டாலர். எஸ்எஸ்எல் மறையாக்கம் கொண்ட வணிகப் பதிப்பின் விலை 5,000 டாலர். கடன் அட்டை எண்ணை வலை வழியாக அனுப்ப அதுவரை பரவலான பாதுகாப்பு வழி இல்லாததால் கூடுதல் விலைக்குப் பொருள் இருந்தது. அதைவிட, கொள்முதல் துறையிடம் காட்டுவதற்கு ஒரு விற்பனையாளரும், பழுதானால் அழைப்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் கிடைத்தன.

அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் பிற நாடுகளுக்குப் பொதுவாக எளிதில் உடைபடும் 40 பிட் மறையாக்கமே கிடைத்தது. அந்த விதி 2000 ஜனவரியில்தான் தளர்ந்தது. நெட்ஸ்கேப்பின் சர்வர் பின்னர் ஐபிளானெட் என்ற பெயரில் சன் நிறுவனத்தின் கைக்கும், அங்கிருந்து ஆரக்கிளிடமும் போனது. பழைய வங்கி அமைப்புகளின் ஆவணங்களில் அந்தப் பெயரைப் பார்த்தால் வியக்க வேண்டாம்.

அப்பாச்சியை யாரும் விற்பதில்லை என்றால், அதற்குப் பொறுப்பு யார்?

ராப் மெக்கூல் 1994-இல் என்சிஎஸ்ஏவை விட்டு விலகியபின் அந்தச் சர்வரின் வளர்ச்சி தேங்கியது. அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த நிர்வாகிகள் தாங்களே எழுதிய திருத்தங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர். 1995-இன் தொடக்கத்தில் எட்டுப் பேர் கொண்ட குழு உருவாகி, அந்தத் திருத்தங்களைச் சேர்த்த சர்வருக்கு அப்பாச்சி என்று பெயரிட்டு, ஏப்ரலில் முதல் வெளியீட்டையும் டிசம்பரில் 1.0 பதிப்பையும் தந்தது. 1996 ஏப்ரலில், அதாவது முதல் வெளியீடு வந்து ஏறக்குறைய ஓராண்டில், இணையதளங்கள் எந்தச் சர்வரில் ஓடுகின்றன என்று எண்ணும் நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் அப்பாச்சி முதலிடத்துக்கு வந்தது.

நிறுவனங்களின் தயக்கத்தைப் போக்கியது 1998-இல் ஐபிஎம் எடுத்த முடிவு என்பேன். நிறுவனப் பயன்பாடுகளை ஓட்டும் தன் வெப்ஸ்பியர் தொகுப்பில் அப்பாச்சியைச் சேர்த்து அதற்கு ஆதரவும் தருவதாக அது அறிவித்தது. 1999-இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை பதிவானதும் சட்டப்படியான முகவரி ஒன்றும் கிடைத்துவிட்டது. இன்று நடைமுறைப் பொறுப்பை ஏற்பவர், உங்கள் லினக்ஸ் பதிப்பை வழங்கும் நிறுவனம். ரெட் ஹேட் சந்தா கட்டுகிறீர்கள் என்றால் அப்பாச்சிக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் அதில் அடங்கும். சந்தா எதுவும் இல்லையெனில், பொறுப்பு உங்களுடையதே.

ஆடிட்டர் ஸ்கேன் செய்துவிட்டு ‘உங்கள் அப்பாச்சி பழைய பதிப்பு’ என்கிறார். தினமும் அப்டேட் செய்கிறோமே?

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ரெட் ஹேட் 7 தன் வாழ்நாள் முழுவதும் அப்பாச்சிக்கு 2.4.6 என்ற பதிப்பு எண்ணையே வைத்திருந்தது; ரெட் ஹேட் 8-இல் அது 2.4.37. புதிய பதிப்புக்கு மாறாமல், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்பில் சேர்ப்பது அவர்களின் வழக்கம். ஸ்கேன் கருவியோ வெளியே தெரியும் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறது. நிறுவிய மென்பொருள் பொதியின் முழு வெளியீட்டு எண்ணையும், எந்தக் குறைபாடு எப்போது திருத்தப்பட்டது என்ற மாற்றக் குறிப்பையும் ஆடிட்டரிடம் காட்டினால் போதும். ஆனால் ரெட் ஹேட் 7-இன் வழக்கமான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே இருப்பவர்களுக்கு இந்த விளக்கம் உதவாது.

அப்படியானால் இத்தனை அலுவலகங்களில் ஐஐஎஸ் எப்படி வந்தது?

பெட்டியோடு வந்தது. மைக்ரோசாஃப்ட் 1996 பிப்ரவரியில் தன் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸின் முதல் பதிப்பை விண்டோஸ் என்டி சர்வருக்கு இலவசமாகத் தந்தது. அதே ஆண்டில் என்டி 4.0-உடன் இரண்டாம் பதிப்பு சேர்ந்தே வந்தது. மூன்றாம் பதிப்பு, பக்கத்துக்குள்ளேயே நிரல் எழுதும் ஏஎஸ்பி முறையைக் கொண்டுவந்தது. நெட்ஸ்கேப் விலை வைத்து விற்ற பொருள், மற்றொருவரின் இயங்குதளத்தில் ஓர் அம்சமாகிவிட்டது. அந்த ஆண்டில் நடந்த இன்னொரு சண்டையும் குறிப்பிடத்தக்கது: விலை குறைந்த என்டி வொர்க்ஸ்டேஷனை வெப் சர்வராகப் பயன்படுத்துவதைத் தடுக்க, பத்து இணைப்புகளுக்கு மேல் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் வரம்பு வைத்தது. அந்தத் தளத்துக்கு வெப் சர்வர் விற்றுவந்த ஓ’ரைலி நிறுவனம் வெளிப்படையாக எதிர்த்தது. தொழில்நுட்பத் தடை நீக்கப்பட்டது. உரிமத்தில் இருந்த வரம்பு நீடித்தது.

ஆயினும் விலையைவிட வலுவான காரணம் உள்நுழைவு. காலையில் விண்டோஸில் நுழைந்த பணியாளர், இன்ட்ராநெட் பக்கத்தைத் திறக்கும்போது மீண்டும் கடவுச்சொல் கேட்கப்படாமலேயே அவர் யார் என்று ஐஐஎஸ் அறிந்துகொண்டது. அலுவலகக் கணினிகளின் உள்நுழைவை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலரில் இருந்த பயனர் பட்டியலையே அது பயன்படுத்தியது. அப்பாச்சியில் இதே வசதிக்குத் தனி மாட்யூலும் பொறுமையும் தேவைப்பட்டன. தொடக்கத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டுமே இந்த முறையை அறிந்திருந்ததால், அலுவலகங்கள் அந்த உலாவியோடும் கட்டுண்டன. 2022 ஜூனில் விண்டோஸ் 10-இல் அந்த உலாவிக்கான ஆதரவு முடிந்தபின்னும் எட்ஜ் உலாவிக்குள் ‘ஐஇ பயன்முறை’ ஒன்றை வைத்திருக்க நேர்ந்தது இந்தக் கட்டினால்தான்.

2001-இல் ஐஐஎஸ் பெயர் கெட்டதே, இப்போது நம்பலாமா?

2001 ஜூலையில் வலை வழியே தானாகப் பரவும் ‘கோட் ரெட்’ என்ற கணினிப் புழு, ஐஐஎஸ் குறைபாட்டைப் பயன்படுத்திப் பதினான்கு மணி நேரத்துக்குள் 3,50,000-க்கும் மேற்பட்ட கணினிகளைப் பற்றியது. அதைத் தடுக்கும் பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) ஒரு மாதத்துக்கு முன்பே வெளியாகியிருந்தது என்பதுதான் கதையின் கசப்பான பகுதி. விண்டோஸ் 2000 சர்வரை நிறுவினால் ஐஐஎஸ் தானாகவே சேர்ந்து ஓடத் தொடங்கும். தங்களிடம் வெப் சர்வர் இருப்பதே தெரியாத நிர்வாகிகள் அதற்குப் பேட்ச் போடவும் இல்லை. முந்தைய பதிலில் ‘பெட்டியோடு வந்தது’ என்று சொன்ன வசதியின் மறுபக்கம் இது. செப்டம்பரில் நிம்டா புழு வந்தபின், மாற்று சர்வர்களைப் பரிசீலிக்குமாறு கார்ட்னர் ஆய்வு நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை கூறியது.

2003-இல் வந்த ஆறாம் பதிப்பு ஏறக்குறைய புதிய பொருள். வழக்கமான பதிப்புகளில் தானாக நிறுவப்படாது. நிறுவினாலும் நிலையான கோப்புகளை மட்டுமே தரும். ஒவ்வொரு பயன்பாடும் தனித்தனிக் குழுவில் ஓடும், ஒன்று விழுந்தால் மற்றது விழாது. 2008-இல் ஏழாம் பதிப்பு வேண்டாத பகுதிகளைக் கழற்றி வைக்கும்படி மாட்யூல்களாகப் பிரிந்தது. நம்பலாமா என்று கேட்டால், பேட்ச் போடுகிற வீட்டில் நம்பலாம்.

டாம்கேட்டும் அப்பாச்சியும் ஒன்றுதானே? அது ஏன் 8080-இல் ஓடுகிறது?

இரண்டும் ஒரே அறக்கட்டளையின் தனித்தனி மென்பொருள்கள். சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய நிரல் தொடங்கி முடிய வேண்டியிருந்தது. நூறு பேர் ஒரே நேரத்தில் சம்பளச் சீட்டைத் திறந்தால் சர்வர் திணறியது. நிரலை நினைவகத்திலேயே நிறுத்திவைக்கும் வழிகளை எல்லாரும் தேடினர். ஜாவா உலகின் விடை சர்வ்லெட். அதை ஓட்டும் கருவியாக சன் நிறுவனம் 1999-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்த நிரலிலிருந்து டாம்கேட் வளர்ந்தது. வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் ஆகியவை அதே வரிசையில் இன்னும் கனமானவை.

யூனிக்ஸ் வகைத் தளங்களில் 1024-க்குக் கீழ் உள்ள போர்ட்களை (ஒரு சேவை கேட்டு நிற்கும் வாசல் எண்களை) திறக்க ரூட், அதாவது தலைமை நிர்வாகி, உரிமை தேவை. டாம்கேட் சாதாரணப் பயனராக ஓடுவதற்கு வசதியாக 8080 இயல்பாக வைக்கப்பட்டது. முன்னால் 80-இல் அப்பாச்சி நின்று கோரிக்கைகளை உள்ளே அனுப்பும். இரண்டுக்கும் இடையே 8009-இல் ஓடும் ஏஜேபி இணைப்பை வெளியே திறந்து வைத்திருந்தவர்கள், 2020-இல் ‘கோஸ்ட்கேட்’ குறைபாடு வெளியானபோது அவசரமாக மூட வேண்டியதாயிற்று. உங்கள் ஃபயர்வாலில் அந்த எண்ணை இன்றே பார்த்துவிடுங்கள்.

எல்லாரும் என்ஜின்எக்ஸுக்கு மாறச் சொல்கிறார்கள். எங்களிடம் 300 பேர்தான். தேவையா?

வேகத்துக்காக என்றால் தேவையில்லை. ஒரே கணினி பத்தாயிரம் இணைப்புகளை எப்படித் தாங்குவது என்று 1999-இல் டேன் கெகெல் முன்வைத்த சிக்கலுக்கு விடையாக வந்த வெப் சர்வர் அது. அப்பாச்சியின் பழைய அமைப்பு ஓர் இணைப்புக்கு ஒரு புராசஸ் (ஓடும் நிரலின் தனிப் பிரதி) ஒதுக்கும்; மெதுவான இணைப்புகள் பெருகினால் நினைவகம் தீர்ந்துவிடும். ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் பணிபுரிந்த இகோர் சிசோயெவ் 2002-இல் எழுதத் தொடங்கி 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், உணவகத்தில் பரிமாறுபவர் ஒருவரே நின்று பத்து மேசைகளுக்கும் மாறி மாறிப் பரிமாறுவதுபோல, சில புராசஸ்களைக் கொண்டே ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனித்தது. 2012-இல் வந்த அப்பாச்சி 2.4-இலும் இதற்கு நெருக்கமான ‘ஈவென்ட்’ அமைப்பு உண்டு.

ஆனால் 300 பேர் உள்ள அலுவலகத்திலும் வேறொரு காரணத்துக்காக அதைப் பரிந்துரைப்பேன்: பத்துப் பயன்பாடுகளுக்கு முன்னால் ஒரே வாசலாக, ரிவர்ஸ் பிராக்சியாக, வைப்பதற்கு. தளத்தின் அடையாளத்தை உலாவிக்கு உறுதிசெய்யும் சான்றிதழ், பதிவேடு, அனுமதி விதி எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். ஹெச்ஏபிராக்சியும் அந்த வேலையைச் செம்மையாகச் செய்யும். என்ஜின்எக்ஸ் நிறுவனத்தை 2019-இல் எஃப்5 நிறுவனம் வாங்கியது; 2024-இல் முக்கிய நிரலாளர் ஒருவர் பிரிந்து ‘ஃப்ரீஎன்ஜின்எக்ஸ்’ என்ற கிளையைத் தொடங்கினார். யார் பராமரிக்கிறார்கள் என்ற கேள்வி இங்கும் விடுவதாக இல்லை.

ரிவர்ஸ் பிராக்சி வைத்த நாளிலிருந்து ஐஐஎஸ் தளம் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஏன்?

ஐஐஎஸ் பற்றிய பதிலில் புகழ்ந்த அந்த உள்நுழைவு வசதிதான் காரணம். விண்டோஸின் பழைய உள்நுழைவு முறையான என்டிஎல்எம் ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாகச் சரிபார்ப்பதில்லை; டிசிபி இணைப்பையே (இரு கணினிகளுக்கு இடையே திறந்திருக்கும் தொடர்பையே) சரிபார்த்துவிட்டு, அதன்வழி வருபவை எல்லாம் அந்த நபருடையவை என்று கொள்கிறது. பிராக்சியோ பின்னால் உள்ள இணைப்புகளைத் தன் விருப்பப்படி மூடித் திறக்கிறது. மூன்று சுற்றில் முடிய வேண்டிய உரையாடல் மூன்று வெவ்வேறு இணைப்புகளில் சிதறினால் முடிவதே இல்லை. தவறான முறையில் இணைப்புகளைப் பகிர்ந்தால் இன்னும் மோசம்: ஒருவரின் அடையாளத்தில் மற்றொருவர் நுழையக்கூடும்.

விண்டோஸின் மற்றோர் உள்நுழைவு முறையான கெர்பரோஸுக்கு மாறுவதும், பிராக்சியின் பெயருக்கு உரிய சேவைப் பெயரை டொமைனில் சரியாகப் பதிவதும் நல்ல தீர்வு. உள்நுழைவை ஓஐடிசி அல்லது சாம்ல் போன்ற, தனி உள்நுழைவுப் பக்கம் வழியாக அடையாளம் காட்டும் முறைக்கு நகர்த்துவது நீண்டகாலத் தீர்வு. தற்காலிகமாக, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் டிசிபி அளவிலேயே இணைப்பைக் கடத்திவிடலாம். அப்போது சான்றிதழ் ஐஐஎஸ்ஸிலேயே இருக்கும்.

ஒரே ஐபி முகவரியில் பல தளங்களை வைக்க முடியுமா?

முடியும். உலாவியும் வெப் சர்வரும் பேசும் நெறிமுறையான எச்டிடிபியின் 1.1 பதிப்பு (முதலில் 1997-இல் வரையறுக்கப்பட்டது) எந்தத் தளத்துக்கான கோரிக்கை என்பதை ‘ஹோஸ்ட்’ வரியில் சொல்வதைக் கட்டாயமாக்கியது. மறையாக்கப்பட்ட தளங்களுக்கு அது போதவில்லை, ஏனெனில் சான்றிதழைக் காட்ட வேண்டிய தருணம் அந்த வரி வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. தளத்தின் பெயரை முன்கூட்டியே சொல்லும் எஸ்என்ஐ நீட்டிப்பு அந்தக் குறையைத் தீர்த்தது. ஐஐஎஸ் அதை 2012-இல் எட்டாம் பதிப்பில் ஏற்றது.

உள்ளே மட்டும் ஓடும் தளத்துக்கு எச்டிடிபிஎஸ் எதற்கு? வேண்டும் என்றால் சான்றிதழ் யார் தருவார்?

அலுவலக வலைக்குள் நுழைந்துவிட்ட ஒருவருக்கு மறையாக்கம் இல்லாத கடவுச்சொற்கள் எளிய இரை. மேலும் உலாவிகள் எச்டிடிபி 2-ஐ மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டுமே பேசுகின்றன. ‘ஈஆர்பி’ போன்ற ஒற்றைப் பெயருக்கோ ‘.லோக்கல்’ என முடியும் பெயருக்கோ பொதுச் சான்றளிப்பு நிறுவனங்கள் இப்போது சான்றிதழ் தருவதில்லை. எஞ்சியிருந்தவையும் 2016 அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே சொந்தமாகச் சான்றளிப்பு மையம் நடத்தலாம். விண்டோஸ் டொமைனில் அதற்கான சேவை உண்டு. அல்லது நிறுவனத்தின் பொது டொமைனுக்குக் கீழ் உள்பெயர்களை வைத்து, டொமைன் பெயர்ப் பதிவான டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பில், இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டிடம் பெறலாம். சர்வர் இணையத்துக்குத் திறந்திருக்க வேண்டியதில்லை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொதுச் சான்றிதழ்கள் அனைத்தும் வெளிப்படைப் பதிவேடுகளில் ஏறுவதால், உங்கள் உள் தளங்களின் பெயர்களை யாரும் படிக்கலாம். அதைத் தவிர்க்க எல்லா உள்பெயர்களுக்கும் பொருந்தும் ஒற்றை வைல்டுகார்டு சான்றிதழ் உதவும்.

பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளை 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகக் குறைப்பது என 2025 ஏப்ரலில் முடிவாகிவிட்டது. காலண்டரில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிக்கும் பழக்கம் அதற்குள் முடிந்தாக வேண்டும். 2015-இல் வெளியான கேடி என்ற வெப் சர்வர் சான்றிதழைத் தானே பெற்றுத் தானே புதுப்பிப்பதால், சிறிய அலுவலகங்களுக்கு அதை முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.

எச்டிடிபி 3-க்கு மாறினால் இன்ட்ராநெட் வேகமாகுமா?

பெரும்பாலும் வேறுபாடு தெரியாது. 2022-இல் வரையறை பெற்ற அது, தொலைவும் இழப்பும் மிகுந்த இணைப்புகளில் பலன் தரும். ஒரே கட்டடத்துக்குள் ஒரு மில்லிசெகண்டில் போய்வரும் வலையில் மெதுவான தரவுத்தளக் கேள்விதான் குற்றவாளி. தவிர, அது டிசிபிக்குப் பதிலாக யூடிபி என்ற வேறு வழியில் ஓடுவதால் பல அலுவலக ஃபயர்வால்கள் அதை அனுமதிப்பதில்லை.

நாங்கள் வெப் சர்வர் எதுவும் வைக்கவில்லை. பிறகு ஏன் ஸ்கேனில் இருபது காட்டுகிறது?

பிரிண்டர், சுவிட்ச், சிசிடிவி பெட்டி, யுபிஎஸ், வருகைப் பதிவுக் கருவி ஆகிய ஒவ்வொன்றின் அமைப்புப் பக்கமும் அதனுள் இருக்கும் சின்ன வெப் சர்வரிலிருந்துதான் வருகிறது. கோட் ரெட் காலத்தில் விண்டோஸில் நடந்தது இங்கே சத்தமின்றித் தொடர்கிறது. ‘போவா’ என்ற சர்வரின் வளர்ச்சி 2005-இல் நின்றுவிட்டது. அதன்பின்னும் அது புதிய சாதனங்களில் ஏறிக்கொண்டிருந்தது. இந்தியாவின் மின் கட்டமைப்பைக் குறிவைத்த ஊடுருவல்களோடு தொடர்புடைய சாதனங்களில் அது ஓடியதாக மைக்ரோசாஃப்ட் 2022 நவம்பரில் எழுதியது. இத்தகைய கருவிகளைத் தனி விலானில் (பிரித்துவைத்த வலைப் பகுதியில்) வைத்து, நிர்வாகியின் கணினியிலிருந்து மட்டும் அணுகும்படி செய்யுங்கள்.

எங்கள் முக்கியமான பயன்பாடு ஐஐஎஸ் 6-இல்தான் ஓடும், எழுதியவரும் இல்லை. என்ன செய்வது?

விண்டோஸ் சர்வர் 2003-க்கான ஆதரவு 2015 ஜூலை 14 அன்று முடிந்தது. முதலில், அந்தப் பழைய ஏஎஸ்பி பக்கங்கள் உண்மையிலேயே புதிய ஐஐஎஸ்ஸில் ஓடாதா என்று சோதியுங்கள். அதற்கான அம்சம் இன்றைய பதிப்பிலும் உண்டு, தனியாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவே. பல நேரங்களில் தடையாக இருப்பது பக்கங்கள் அல்ல, அவை அழைக்கும் 32 பிட் காம் நூலகம் (பழைய விண்டோஸ் நிரல் தொகுப்பு). அதற்கும் பயன்பாட்டுக் குழுவில் 32 பிட் அனுமதி இருக்கிறது.

அதுவும் முடியாதபோது, பழைய கணினியை மெய்நிகர் இயந்திரமாக்கித் தனி விலானில் அடைத்து, இணையத்துக்குப் போகும் வழியை முழுவதும் மூடி, முன்னால் ரிவர்ஸ் பிராக்சி ஒன்றை நிறுத்துங்கள். பயனர்களின் உலாவி பிராக்சியோடு நவீன மறையாக்கத்தில் பேசட்டும். பிராக்சியிலிருந்து உள்ளே போகும் அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறந்து வையுங்கள். தளம் என்டிஎல்எம் பயன்படுத்தினால், அதற்கான தடையை மேலே பார்த்தோம். பயன்பாட்டின் தரவுத்தளத்தைத் தினமும் வேறிடத்துக்குப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியிலிருந்து அறிக்கைகள் எடுக்கப் பழக்குங்கள். ஒருநாள் அந்த இயந்திரம் எழாமல் போனாலும் மாதக் கணக்கை முடிக்கலாம்.